நீலத் தண்ணீரில் ஒரு சொட்டு

என் ரத்தம் கெட்டி. நானாகப் பீற்றிக்கொள்வதில்லை, தருமபுரி ஆஸ்பத்திரியில் டாக்டர் வாயால் வந்தது. ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியில் நீலத் தண்ணீர் வைத்திருந்தார்கள். மயில்துத்தம் கரைத்த தண்ணீர் என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. மாட்டுக்குக் குளம்பில் புண் வந்தால் எங்கள் வீட்டில் அதைத்தான் கரைத்து ஊற்றுவோம். விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு எடுத்து அதில் விட்டார்கள். என் சொட்டு எங்கும் நிற்காமல் நேரே அடியில் போய் உட்கார்ந்தது. நல்ல கெட்டியான ரத்தம் என்றார் டாக்டர். நான் திரும்பி அவளைப் பார்த்தேன்.

அவள் என்றால் என் கணவரின் மூத்த மனைவி. நான் இளையவள். அவளுடைய சொட்டும் மூழ்கத்தான் செய்தது, ஆனால் பாதித் தண்ணீரில் கொஞ்சம் தயங்கி, பிறகுதான் இறங்கியது. ஐம்பதை எப்போதோ தாண்டியவளின் ரத்தம் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு அப்போது நாற்பது சொச்சம். அத்தனை வருஷத்தில் அவளை நான் சாட்சியோடு ஜெயித்தது அந்த நீலத் தண்ணீரில்தான். அந்தச் சந்தோஷம் ஒரு வெற்றிலையை மென்று துப்புகிற நேரம்கூட நிற்கவில்லை.

பக்கத்து மேஜையில் வெள்ளைப் பீங்கான் தட்டில் எங்கள் இருவர் ரத்தத்தையும் தனித்தனியாக வைத்து, ஏதோ மருந்து சேர்த்துக் குச்சியால் கிண்டினார்கள். சில இடத்தில் பால் திரிவது மாதிரி திரிந்தது, சில இடத்தில் திரியவில்லை. என் ரத்தமும், ரத்தம் ஏற்றக் காத்துக் கிடந்த என் கணவர் ரத்தமும் வேறு வேறு வகையாம். என்னுடையதை ஏற்றினால் ஆளுக்கே ஆபத்தாம். அவளுடையதும் அவருடையதும் ஒரே வகை. என் ரத்தம் கெட்டியாக இருந்து என்ன பிரயோஜனம்.

அவளுக்குப் பிள்ளை இல்லை என்பதால்தான் நான் அந்த வீட்டுக்குள் வந்தேன். சுதந்திரம் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் அது. என்னைப் பெண் பார்க்க வந்தவளும் அவளேதான், அவர் வரவில்லை. என் கையைத் திருப்பிப் பார்த்தாள், பின்னலை அவிழ்க்கச் சொன்னாள், சிரிக்க வைத்துப் பல்லைப் பார்த்தாள். சந்தையில் கன்று பிடிக்கிறவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள். கடைசியில் "வா கண்ணு, நம்ம வூட்டுக்குப் போலாம்" என்றாள். அன்றைக்கு ஆரம்பித்த இந்தக் 'கண்ணு' கடைசி வரைக்கும் மாறவில்லை. ஒரு நாளாவது சண்டைக்கு வந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். வரவே மாட்டாள்.

எங்கள் ஊர் காரிமங்கலத்துக்குப் பக்கத்தில், மழையை நம்பின காடு. கேழ்வரகு, கொள்ளு, நிலக்கடலை. அது போக அவர் புளிய மரங்களைக் குத்தகைக்கு எடுத்துப் புளி வியாபாரமும் பார்த்தார். ஒரே வளவுக்குள் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வீடு, இரண்டு அடுப்பு. ஒரு வாரம் அவள் வீடு, ஒரு வாரம் என் வீடு. வாரம் மாறுவது சந்தை நாளில். காரிமங்கலம் சந்தையிலிருந்து அவர் தோளில் ஒரு சாக்குப் பையைப் போட்டுக்கொண்டு வருவார். அந்தப் பை எந்த வாசலில் இறங்குகிறதோ, அடுத்த சந்தை வரைக்கும் அவர் அந்த வீட்டு ஆள். இதை யாரும் வாய்விட்டுச் சொன்னது கிடையாது. பை சொல்லிவிடும்.

பை என் வாசலில் இறங்காத வாரங்களில் நான் சுவரில் காது வைத்துக்கொண்டிருப்பேன். அந்தப் பக்கம் அவர் சிரிக்கிற சத்தம் கேட்டால் இந்தப் பக்கம் ஒரு பாத்திரம் கீழே விழும். அவள் கிண்டுகிற களியில் கட்டி விழாது, என் களியில் விழும். அவர் ஒரு நாளும் குறை சொன்னதில்லை. ஆனால் அவள் வாரம் முடிந்து வருகிற முதல் வேளை, என் களி உருண்டையை ஒரு நொடி உற்றுப் பார்த்துவிட்டுத்தான் கை வைப்பார். அந்த நொடியை நான் ஒவ்வொரு தடவையும் எடுத்து மனசில் முடிந்து வைத்துக்கொண்டேன்.

ஒரு பிள்ளை பிறந்துவிட்டால் அவள் கதை முடிந்தது என்று நினைத்திருந்தேன். எனக்கு ஒரு மகள் பிறந்தாள். அந்தக் குழந்தையும் அவள் இடுப்பில்தான் தூங்கியது. நான் கை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். பெற்றவள் நான், வலித்தது எனக்கு, ஊரெல்லாம் "பெரியவ வளத்த புள்ள" என்றார்கள். அவள் எதையும் பிடுங்கினாள் என்று சொல்ல முடியாது. எல்லாம் தானாக அவள் பக்கம் போனது. அதுதான் எனக்கு ஆறவில்லை.

எழுபதுகளின் தொடக்கத்தில் அவருக்கு உடம்பு வெளுக்க ஆரம்பித்தது. அறுபதைத் தாண்டியிருந்தார். புளிய மரத்தடியில் நின்று உலுக்குகிற ஆட்களை அதட்டுகிறவர், பாதிப் பேச்சில் மூச்சு வாங்கினார். மூட்டை உரசின தோளில் நீலமாகக் கன்றிப்போய் நாள் கணக்கில் அப்படியே கிடந்தது. பல் விளக்கினால் ரத்தம் வந்தது. கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தால் உள்பக்கம் சுண்ணாம்பு அடித்த மாதிரி இருந்தது. நான் முதலில் அவள் சமையலைத்தான் சந்தேகப்பட்டேன். அவள் என் சமையலைச் சந்தேகப்படுவாள் என்று காத்திருந்தேன், பதிலெல்லாம் தயாராக வைத்திருந்தேன். அவள் சந்தேகப்படவில்லை. அவர் தலைமாட்டில் உட்கார்ந்து கால் கை பிடித்துவிட்டாள்.

தருமபுரியிலிருந்து சேலத்துக்கு அனுப்பினார்கள். அங்கே நெஞ்செலும்பில் தடித்த ஊசியை இறக்கி, உள்ளேயிருந்து மஜ்ஜையை இழுத்து எடுத்துப் பார்த்தார்கள். அந்த முடிவை வைத்துக்கொண்டு தருமபுரி டாக்டர் எங்கள் இருவரையும் உட்காரவைத்துப் பேசினார். ரத்தம் என்பது சாப்பாட்டிலிருந்து நேராக வருவதில்லை, எலும்புக்கு உள்ளே உண்டாகிறது என்றார். அங்கே ரத்தத்துக்குத் தாய் அணுக்கள் என்று இருக்கின்றன. சிவப்பு அணு, வெள்ளை அணு, காயத்தில் ரத்தத்தை உறைய வைக்கிற துணுக்கு எல்லாமே அந்தத் தாய் பெற்ற பிள்ளைகள். மனுஷனுக்கு வயதாகும்போது அந்தத் தாய்களுக்கும் வயதாகிறது. அநேகம் பேருக்கு அது வெளியில் தெரியாது. சிலருக்கு இவர் மாதிரி, பெறுவது குறைந்துபோகிறது, பெற்றதும் சவலையாக இருக்கிறது. தாய் என்கிற வார்த்தை வந்தபோதெல்லாம் அவள் தன் கைவிரல்களைப் பார்த்துக்கொண்டாள். நான் அதைக் கவனித்தேன்.

எங்களுக்கு விளங்கவில்லை என்று டாக்டருக்குத் தோன்றியிருக்க வேண்டும். கிணற்றை எடுத்தார். "கெணத்துல எறைச்சா மறுபடி ஊறணும்ல? இவருக்கு ஊத்துக்கண்ணு தூந்துபோச்சு. இனி வெளியில இருந்து கொண்டாந்து ஊத்தித்தான் ஓட்டணும்." எத்தனை நாள் ஓட்டலாம் என்று அவள் கேட்டாள். ஊற்ற ஆள் இருக்கிற வரைக்கும் பார்க்கலாம் என்றார். குணமாகும் என்று அவர் சொல்லவே இல்லை.

ஊற்ற ஆள் வேண்டும் என்றதும் சொந்தபந்தம் கலைந்தது. பங்காளிகள் டீ குடித்துவிட்டு வருகிறோம் என்று போனார்கள். டீக்கடை கிருஷ்ணகிரியில் இருந்ததோ என்னவோ, அன்றைக்குத் திரும்பி வரவில்லை. என் மகள் அப்போதுதான் பிள்ளை பெற்று எழுந்திருந்தாள். அவருக்குத் தங்கைகள் இரண்டு பேர். பெரிய நாத்தனாருக்கு வகை சேரவில்லை. சின்ன நாத்தனார் ஊசியைப் பார்த்ததுமே பெஞ்சில் சரிந்துவிட்டாள், அவளுக்குச் சோடா வாங்க ஒருவர் ஓடவேண்டியதாயிற்று. கடைசியில் மிஞ்சினது நானும் அவளும். இரண்டு பேரில் நான் இல்லை என்று அந்தப் பீங்கான் தட்டு சொல்லிவிட்டது.

அவள் கையிலிருந்து கண்ணாடிப் பாட்டிலில் இறங்கினதையும் பார்த்தேன். அதே பாட்டிலைத் தலைகீழாகத் தொங்கவிட்டு, அவர் கையில் சொட்டுச் சொட்டாக ஏற்றினதையும் பார்த்தேன். அவர் தலைமாட்டில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தது நான். சாயங்காலத்துக்குள் அவர் உதட்டில் நிறம் வந்தது. காது மடல் சிவந்தது. என்னைப் பார்த்து, "பசிக்குது புள்ள" என்றார். பல மாதத்துக்குப் பிறகு அந்த வாயிலிருந்து பசி என்கிற சொல் வருகிறது. வேறு பெண்ணாக இருந்தால் கும்பிட்டிருப்பாள். எனக்குத் தோன்றியது இதுதான்: இந்தப் பசி என் புருஷனுடையதா, அவள் ரத்தத்துடையதா?

சந்தைப் பையை வாரம் பார்த்து வாசல் மாற்றலாம். உடம்புக்குள்ளே போனதை எப்படி மாற்றுவது. இனி என் வாரத்திலும் அவள் அவருக்குள்ளேயே இருப்பாள். அவர் என் பாயில் படுத்திருப்பார், நெஞ்சில் கை வைத்தால் அடிக்கிறது அவளாக இருக்கும். இதை நினைத்து நினைத்து எனக்கு நெஞ்சு எரிந்தது. ஓமத் தண்ணீர் குடித்துப் பார்த்தேன், கேட்கவில்லை.

ஊருக்குத் திரும்பினால் அங்கே இதே பேச்சு. ரத்தம் கொடுப்பது என்பது எங்கள் பக்கம் அப்போதுதான் கேள்விப்படுகிற விஷயம். பெரியவள் உயிரையே பிழிந்து கொடுத்துவிட்டாள், அவள் இல்லாவிட்டால் மனுஷன் போயிருப்பான் என்று குழாயடியில் தினமும் ஒரு பாட்டம். நான் குடத்தோடு போய் நின்றால், என்னைப் பார்த்துக் குரலை இறக்குவார்கள். அந்தப் பரிதாபம் வேறு. எத்தனை நாள்தான் கேட்பது. ஒரு நாள் குடத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன்: "ஒரே ரத்தமுன்னா பங்காளி முறையாச்சே. ரத்தம் ஏறுனப்பறம் ரெண்டு பேரும் அண்ணன் தங்கச்சிதான். இனிமே எப்படி ஒரு வூட்ல இருக்கறது?"

வேடிக்கைக்குச் சொல்வது போலத்தான் சொன்னேன். ஒருத்தியும் சிரிக்கவில்லை. எங்கள் பக்கம் முறை என்றால் விளையாட்டுப் பேச்சில்லை. மாமன் பிள்ளையைக் கட்டலாம், பங்காளி வீட்டுப் பிள்ளையைக் கட்டக் கூடாது. ஏன் என்றால் பங்காளி ஒரே ரத்தம், அவ்வளவுதான் விளக்கம். இப்போது ஆஸ்பத்திரிக்காரர்களே வந்து, இந்த அம்மாளும் இந்த ஆளும் ஒரே ரத்தம் என்று சொல்லி, அதை எடுத்து இதில் ஊற்றியும் விட்டார்கள். பெண்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள். கூட்டிக் கழித்துப் பார்த்தால் நான் சொன்னது எல்லோருக்கும் சரியாக வந்தது. எனக்கே கூட வந்தது. படித்தவள், எட்டாவது பாஸ் செய்தவள், வாரப் பத்திரிகையை எழுத்து விடாமல் படிக்கிறவள் நான். எனக்கு அது வேண்டியிருந்ததால் நம்பினேன்.

ஏற்றின ரத்தம் தங்குவதில்லை. அதற்கு ஒரு ஆயுள் உண்டு. அது தீர்ந்ததும், உள்ளே புதிதாக ஊறாததால், அவர் மறுபடி வெளுப்பார். முதலில் காது மடல் வெளுக்கும், பிறகு உதடு, பிறகு பேச்சு மெலியும். நடுவில் சேலத்திலிருந்து முகம் தெரியாத யார் யாருடைய ரத்தமோ பாட்டிலில் வந்தது. அதெல்லாம் ஏறும்போது எனக்கு எரிச்சலே வரவில்லை. யாராக இருந்தால் என்ன, நன்றாக இருக்கட்டும் என்று மனசார வாழ்த்தினேன். ஆனால் அது எப்போதும் கிடைக்காது. கிடைக்காத சமயத்தில் மறுபடி அவள்தான் போய் நிற்க வேண்டியிருந்தது.

இரண்டாம் தடவை அவளைக் கட்டிலில் படுக்கச் சொன்னபோது சின்ன நாத்தனார் பக்கத்தில் இருந்தாள். ஊர்ப் பேச்சு அவள் காதுக்கும் போயிருந்தது. என்னை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே, "பெரியண்ணி, ஊர்ல ஒரு மாதிரி பேசிக்கறாங்க. இன்னொருக்கா குடுத்தீங்கன்னா முறையே மாறிப்போவும்ங்கறாங்க" என்றாள். நான் சுவரில் ஒட்டியிருந்த குடும்பக் கட்டுப்பாட்டுப் படத்தைப் படிக்க ஆரம்பித்தேன். அவள் முந்தானையை ஒதுக்கிவிட்டு, கையை நீட்டி வைத்துக்கொண்டே சொன்னாள்: "மாறுனா மாறட்டும். உசுரோட இருந்தா போதும். தங்கச்சியாவே இருந்துக்கறேன்."

சொன்னதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அடுத்த சந்தை நாள் வந்தது. அது அவள் வாரம். அவர் சந்தைக்குப் போகிற நிலைமையில் இல்லை. பண்ணையத்து ஆள் சாமான் வாங்கிவந்து பையை வழக்கப்படி அவள் வாசலில் இறக்கினான். அவள் வெளியே வந்து பையைத் தூக்கினாள். எங்கள் இரண்டு வாசலுக்கும் நடுவில் ஒரு துவைக்கிற கல். அதைச் சுற்றிக்கொண்டு வந்து என் வாசற்படியில் வைத்தாள். "கண்ணு, இனிமே பையி இங்கதான்" என்றாள். அவர் அவள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்தார், பையைப் பார்த்தார். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டே நடந்துவந்து என் வீட்டில் படுத்துக்கொண்டார்.

நான் கேட்டது கிடைத்துவிட்டது. எல்லா வாரமும் என் வாரம். சுவரில் காது வைக்கிற வேலை தீர்ந்தது. ஆனால் அதற்கு முன் என் வீட்டில் இருக்கிற நாட்களில் அவர் அவளைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார். இரண்டு வீட்டுக்காரனுக்கு அது தெரியாமல் இருக்காது. இப்போது தங்கை ஆகிவிட்டாள் அல்லவா, தாராளமாகப் பேசலாம். விளக்கு வைக்கிற நேரத்துக்கு, "அவ சாப்புட்டாளா, பாரு" என்பார். "அவளுக்கு மூட்டு வலின்னாளே, தைலம் இருந்தாக் குடு" என்பார். மனைவியாக இருந்தவரை என் வீட்டுக்குள் வராத அவள் பேச்சு, தங்கையானதும் தினமும் வந்து உட்கார்ந்துகொண்டது. விட்டுக்கொடுப்பதில்கூட அவள் என்னை முந்திவிட்டாள்.

மூன்றாம் தடவை போனபோதுதான் அது நடந்தது. நீலத் தண்ணீரில் அவளுடைய சொட்டை விட்டார்கள். அது மூழ்கவில்லை. மேலேயே சிவப்பு மணியாக நின்றது, பக்கவாட்டில் மெல்லச் சுற்றியது. நீரின் அடி சுத்தமாக இருந்தது. டாக்டர் இன்னொரு சொட்டு எடுத்து விட்டுப் பார்த்தார், அதுவும் அப்படியே. எடுக்க முடியாது என்றார். அவளுக்கே ரத்தம் போதவில்லை, போன தடவை கொடுத்ததே இன்னும் திரும்பி ஊறவில்லை. சின்ன வயதில் கொடுத்தால் எலும்பு சுறுசுறுப்பாக ஈடுகட்டிவிடும். இந்த வயதில் அவளுடைய தாய் அணுக்களும் மெதுவாகத்தான் எழுந்து வேலை செய்யும். நோய் என்று இல்லை, வயது, என்றார். அவள் டாக்டரைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டாள். அவர் அசையவில்லை. நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள், பார்க்கலாம் என்று அனுப்பினார்.

பஸ்ஸில் வரும்போது அவர் என் தோளில் சாய்ந்து வந்தார். உடம்பு ஒரு துணி மூட்டை கனம்கூட இல்லை. சேலத்திலிருந்து அந்த மாதம் பாட்டில் வருமா என்று யாருக்கும் தெரியவில்லை. அவளுக்கு ஊறினால்தான் இவர் இருப்பார். அதை யோசித்துக்கொண்டே வந்து, வீட்டில் இறங்கினதும் முருங்கை மரத்துக்குப் போய் ஒரு கொப்பை ஒடித்தேன்.

அன்றிலிருந்து அவளைத் தீனி போட்டு வளர்க்கிற வேலை எனக்கு. காலையில் முருங்கைக் கீரையும் கேழ்வரகு அடையும். நடுவில் எள்ளும் வெல்லமும் இடித்த உருண்டை. சந்தை நாளில் கறிக்கடைக்கு முதல் ஆளாகச் சொல்லிவைத்து ஆட்டு மண்ணீரல், சுவரொட்டி என்போமே அது. ரத்தம் ஊறுவதற்கு அதை மிஞ்சினது இல்லை என்பார்கள். எல்லாவற்றையும் தூக்குவாளியில் போட்டுக்கொண்டு துவைக்கிற கல்லைச் சுற்றிப் போய், அவள் எதிரில் சப்பணமிட்டு உட்கார்ந்து, கடைசி வாய் உள்ளே போகிற வரைக்கும் பார்ப்பேன். பாதியில் கையை எடுத்து, "நீயும் ஒரு வாய் தின்னு கண்ணு, இளைச்சிட்ட" என்பாள். என் ரத்தம் யாருக்கு வேணும் என்று நாக்கு நுனி வரைக்கும் வரும். அவள் தின்பதை நான் பார்த்த மாதிரி எந்தத் தாயும் தன் பிள்ளை தின்பதைப் பார்த்திருக்க மாட்டாள். அத்தனை பொறாமையோடும் பார்த்திருக்க மாட்டாள்.

மறுபடி போனோம். மறுபடி அந்தக் குப்பி. அவளுடைய சொட்டு விழுந்தது, மேலே நின்றது. நான் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். கோவிலில் திரை விலகுகிறபோது கூட நான் அப்படிக் கண் இமைக்காமல் நின்றதில்லை. போ, இறங்கு, இறங்கித் தொலை என்று உள்ளுக்குள் அதட்டினேன். சொட்டு கொஞ்சம் கீழே வந்து நடுவில் நின்றது. பிறகு மெல்ல, கல் வைத்துக் கட்டினது போல அல்ல, களைத்தவள் மாடிப்படி இறங்குவது போல, அடிக்குப் போய்ச் சேர்ந்தது. அவள் என்னைப் பார்த்துத் தலையாட்டிச் சிரித்தாள், நாம் இரண்டு பேரும் சேர்ந்து ஜெயித்துவிட்டோம் என்கிற மாதிரி. டாக்டர் யோசித்து, முழுப் பாட்டில் வேண்டாம் என்று பாதி எடுத்துக்கொண்டார். அந்தப் பாதியில் முருங்கைக் கீரை என்னுடையது, சுவரொட்டி என்னுடையது. ஆனாலும் பாட்டிலில் எழுதினது அவள் பெயர்.

பிற்காலத்தில் இதைப் பற்றி எங்கே எது அச்சில் வந்தாலும் விடாமல் படித்தேன். வயதான எலும்புக்குள் தாய் அணுக்கள் எண்ணிக்கையில் குறைந்துபோவதில்லையாம், இன்னும் கூடுகின்றனவாம்; வேலைத் திறம்தான் போய்விடுகிறது. அதைவிட ஒன்று படித்தேன். சின்ன வயதில் ஆயிரக்கணக்கான தாய் அணுக்கள் வேலையைப் பங்கு போட்டுச் செய்கின்றன. வயதாக ஆக, அதில் ஏதோ ஒன்று மட்டும் மற்றவற்றை ஒதுக்கிக்கொண்டு வளர்கிறது. அதன் பிள்ளைகளே ரத்தம் முழுக்க நிறைகின்றன. மற்றவை இருந்தும் இல்லாத மாதிரி ஓரத்தில் கிடக்கின்றன. அதைப் படித்துவிட்டுப் பத்திரிகையை மூடி வைத்தேன். அந்த ஓரம் எனக்குத் தெரிந்த இடம்.

அந்தப் பாதிப் பாட்டிலில் அவர் ஒரு புளி உலுக்கலைப் பார்த்துவிட்டார். மரத்தடிக்குக் கட்டிலைத் தூக்கிப்போய்ப் போட்டோம், படுத்துக்கொண்டே ஆட்களை அதட்டினார். வெயில் ஏறினபோது காய்ச்சல் வந்தது. சிவப்பு அணுவைப் பாட்டிலில் கொண்டுவந்து ஊற்றலாம். காய்ச்சலோடு மல்லுக்கட்டுகிற வெள்ளை அணுக்களை அப்படி ஊற்ற முடியாது என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். மூன்றாம் நாள் போய்விட்டார். என் வீட்டில், என் பாயில், என் கை அவர் நெஞ்சில் இருக்கும்போது. பழைய கணக்குப்படி அது அவள் வாரம். அவள் கதவோரத்தில் நின்றாள், உள்ளே வரவில்லை. தங்கைகள் நிற்கிற இடம் அது.

காரியத்தன்று காலையில் வளவு நிறைய ஜனம். எங்கள் வழக்கத்தில், தாலியை வாங்குவதற்கு முன்னால் நாத்தனார்மார் வந்து, புருஷனை இழந்தவளுக்குத் தலை நிறையப் பூவும் கை நிறைய வளையலும் கடைசியாக ஒரு தடவை போட்டு, கோடிச் சேலையைத் தோளில் போட்டு, மணையில் கொண்டுபோய் உட்காரவைப்பார்கள். இரண்டு மணை போட்டிருந்தது, பக்கத்துப் பக்கத்தில். பெரிய நாத்தனார் எனக்குப் பூ வைத்தாள். சின்ன நாத்தனார் வளையல் அடுக்கினாள். கோடிச் சேலையோடு மூன்றாவதாக ஒரு கை என் தோளுக்கு வந்தது. நிமிர்ந்து பார்த்தேன். அவள்.

சேலையை ஒழுங்காக மடித்துத் தோளில் போட்டாள். என் கையைப் பிடித்து மணை வரைக்கும் நடத்திக்கொண்டுபோனாள். நெற்றியில் பொட்டு இருந்தது. கழுத்தில் தாலி வெளியில் கிடந்தது, மறைக்கவில்லை. நான் உட்கார்ந்ததும் பக்கத்து மணையைக் காட்டி, "உக்காருங்க அக்கா" என்றேன்.

"அது எனக்கெதுக்கு கண்ணு. நான் தங்கச்சி முறையாச்சே," என்றாள். உப்புக் குறைவு என்று சொல்கிற மாதிரி, கோபமில்லாமல், எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள். "நீதானே சொன்ன."

குழாயடியில் நான் சொன்னது அவளுக்கு முதலிலிருந்தே தெரியும். தெரிந்துதான் பையைக் கொண்டுவந்து வைத்தாள். தெரிந்துதான் என் சுவரொட்டியைத் தின்றாள். குனிந்து அந்த இரண்டாவது மணையை எடுத்தாள். பெரியவர்கள் சிலர் முணுமுணுத்தார்கள். ரத்தம் கொடுத்தவள், அவள் இஷ்டம் என்று ஒருவர் சொன்னதும் அடங்கிப்போனார்கள். மணையைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு நாத்தனார்மார் பக்கம் போய் நின்றுகொண்டாள்.

அவள் அதை அவருக்காகச் செய்தாளா, எனக்காகச் செய்தாளா, என்னைக் குத்திக்காட்டச் செய்தாளா என்று இன்றைக்கும் எனக்குப் பிடிபடவில்லை. எதுவாக இருந்தாலும் அது எனக்குத் தோன்றாமல் போனதே என்றுதான் எரிகிறது. அந்த வீட்டில் கால் வைத்த நாளிலிருந்து நான் வேண்டிக்கொண்டது ஒன்றே ஒன்று. அவருக்கு மனைவி என்று நான் ஒருத்திதான் இருக்க வேண்டும், அதை ஊர் பார்க்க வேண்டும். அன்றைக்குக் காலையில் அந்த ஒற்றை மணையில் நான் உட்கார்ந்திருந்ததை ஊர் பார்த்தது.